ஏஜென்ட் கண்ணாயிரத்தைக் காக்கைகள் கொத்திய வருஷம்

திருப்பாதிரிப்புலியூருக்கு மேற்கே, வயலைத் தூர்த்து மனை போட்டு உண்டான ஆனந்த நகரில் ஏஜென்ட் கண்ணாயிரத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். வெளுத்த சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் ரெக்சின் பை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் காப்பி வருவதற்குள் அந்த வீட்டுத் தலைவரைச் சாகடித்துவிடுவார்.

"நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னு வையுங்க சார். இந்தக் குழந்தைங்க கதி என்னா?" என்று கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பெற்றவர்களின் தியாகம், பிள்ளைகளின் கடமை என்று அவர் பேசப் பேச, அடுக்களை வாசலில் நிற்கும் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். கையெழுத்து விழுந்துவிடும்.

அவருடைய சொந்த அப்பா சபாபதி, பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். மனைவி போன பிறகு மங்கலம்பேட்டையில் தனியாக இருந்தார். அந்த வீட்டை விற்றுத்தான் ஆனந்த நகர் வீட்டுக்கு மாடி வந்தது. மாடி வந்ததே ஒழிய, அதில் குடியிருக்க சபாபதி வரவில்லை. மாடி ஏற அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது, கீழ் அறை ஆபீஸ், ஹாலில் உட்கார்ந்தால் பீடி பிடிப்பார், வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கண்ணாயிரம் காரணங்களை வரிசையாக வைத்திருந்தார். சிதம்பரம் போகிற வழியில் ஒரு முதியோர் இல்லம் கிடைத்தது. "நல்ல காத்து, வேளாவேளைக்குச் சாப்பாடு. நமக்கே பொறாமையா இருக்குது" என்று மனைவி மங்கலத்திடம் சொல்லிக்கொண்டே அப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

அது நடந்த மறுவாரம் கிரகப்பிரவேசம். எதிர்வீட்டுக் கார்த்திகேசன், அரசாங்க ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், சாங்கியம் சம்பிரதாயம் என்றால் சோறு தண்ணி வேண்டாதவர், பந்தியில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"அப்பா இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றார் கண்ணாயிரம்.

கார்த்திகேசன் உச்சுக்கொட்டினார். பக்கத்து இலைக்காரரும் உச்சுக்கொட்டினார். அப்பா இங்கே இல்லை என்ற அர்த்தத்தில்தான் கண்ணாயிரம் சொன்னார். ஆனால் அந்த உச்சுக்கொட்டல் காதுக்கு இதமாக இருந்தது. திருத்தவில்லை. ஆறு மாதம் கழித்து, "அப்பா படம் ஒண்ணு ஹாலில் வெச்சா நல்லது" என்று கார்த்திகேசன் சொன்னபோது மறுக்க வழியில்லை. படம் வந்தது. படம் வந்ததும் மாலை வந்தது. மாலை வந்ததும் சின்னச் சிவப்பு விளக்கு.

"உயிரோட இருக்குறவருக்குப் போயி..." என்றாள் மங்கலம்.

"இப்டி வெச்சா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க" என்றார் கண்ணாயிரம். ஆயுளைப் பற்றி அவரை மிஞ்சி யார் பேச முடியும்?

இல்லத்துக்கு மாதம் தவறாமல் பணம் போய்ச் சேர்ந்தது. மகன் போய்ச் சேரவில்லை. இப்படியே நாலு வருஷம் ஓடியிருக்கும். நடுவில் காக்கைகள் வராமல் இருந்திருந்தால் இன்னமும் ஓடியிருக்கும்.

2011இல் கண்ணாயிரம் புதுக் கார் வாங்கினார். வெள்ளைக் கார். வீட்டு வாசலில் நின்ற வாதாமரத்தின் நிழலில் நிறுத்தினார். மரத்து உச்சியில் ஒரு ஜோடிக் காக்கை கூடு கட்டியிருந்தது. சாம்பல் கழுத்துக் காக்கை, ஊரெல்லாம் இருக்கிறதே, அதுதான். தினமும் காலையில் காரின் கூரையில் வெள்ளையும் பச்சையுமாக நாலு இடத்தில் எச்சம். ஒரு வாரம் துடைத்துப் பார்த்தார். வைகாசி கடைசியில் ஒருநாள், மரம் வெட்டும் அய்யனாரைக் கூப்பிட்டு, "மேலே இருக்குற கிளைய எறக்கிடு" என்றார்.

"கூட்டுல குஞ்சு இருக்குது சார். பத்து நாள் போவட்டும், தானா பறந்துடும்" என்றான் அய்யனார்.

"பத்து நாள் காரை நீ கழுவுறியா?"

கிளை இறங்கியது. கூடு தெருவில் விழுந்து சிதறியது. குச்சியைவிடக் கம்பிதான் அதில் ஜாஸ்தி. கட்டடம் கட்டுகிற இடத்தில் கிடக்கும் கட்டுக்கம்பி, ஒயர் துண்டு, வளைந்த கண்ணாடிச் சட்டம் ஒன்று. எல்லாவற்றையும் கொத்தனார் மாதிரி பின்னி வைத்திருந்தன. நடுவில் கறுப்பாக ஒரு குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காருக்கு அடியில் புகுந்துவிடப் போகிறதே என்ற கவலையில் கண்ணாயிரம் அதைக் கையில் தூக்கினார். அதுதான் அவர் செய்த தப்பு. வெட்டியது அய்யனார், ஆனால் தாயும் தகப்பனும் பார்த்தபோது குஞ்சு இருந்தது கண்ணாயிரத்தின் கையில்.

கத்தின கத்தலில் தெருவே வெளியே வந்தது. எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் முப்பது நாற்பது காக்கைகள் கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து, கீழே நிற்கும் மனிதரைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன.

பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள், நர்ஸாக இருந்தவர், வேலி ஓரமாக வந்து கையை நீட்டினார். "இங்க குடுங்க சார். அட, இது காக்கா குஞ்சே இல்ல. வாயப் பாருங்க, குயில் குஞ்சு. முட்டைய வெச்சிட்டுப் போயிருக்குது."

குஞ்சை ஒரு பழைய கூடையில் வைத்து, தன் வீட்டு சன்ஷேடில் அவர் வைத்தார். அரைமணி நேரத்தில் காக்கைகள் அங்கே வந்து ஊட்ட ஆரம்பித்தன. ஆரோக்கியம்மாள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாலும் அவரை ஒன்றும் செய்யவில்லை. நாள் ஆக ஆகக் குஞ்சுக்கு உடம்பில் புள்ளி தெரிந்தது. குரலும் காக்கைக் குரலாக இல்லை. அப்படியும் அவை ஓயாமல் எதையாவது கொண்டுவந்து அதன் வாயில் திணித்துக்கொண்டிருந்தன. தனக்குப் பிறக்காத ஒன்றுக்கு இந்தப் பாடா என்று நகரே அதிசயப்பட்டது. கண்ணாயிரம் மட்டும், "அறிவுகெட்ட ஜென்மங்க" என்றார்.

அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது பின்மண்டையில் யாரோ கரண்டியால் தட்டியது போல் இருந்தது. திரும்பினால் காக்கை ஒன்று சாவகாசமாகப் போய் மதில்மேல் உட்கார்ந்தது. கேட்டைத் திறந்தால் ஒரு கொத்து. கார்க் கதவைத் திறந்தால் ஒரு கொத்து. எதிரே வந்து அடிக்கிற வழக்கமே அவற்றுக்கு இல்லை. சத்தமில்லாமல் பின்னால் வந்து, தலையில் தட்டிவிட்டு, போன பிறகுதான் 'கா' என்றன. நாலே நாளில், குஞ்சு விழுந்ததைப் பார்த்திராத பின்தெருக் காக்கைகளும் சேர்ந்துகொண்டன. யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

கண்ணாயிரம் குடை பிடித்தார். குடையில் உட்கார்ந்து, விளிம்பு வழியாக எட்டிப் பார்த்தன. சட்டையை மாற்றினார், மீசையை எடுத்தார், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போனார், கொல்லை வழியாகப் போனார். ஒருநாள் மங்கலத்தின் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு போனார். துப்பட்டாவோடு சேர்த்துக் கொத்தின.

"அதுங்களுக்கு உங்க ஹெல்மெட்டுதான் அடையாளம்" என்று கார்த்திகேசன் துப்பறிந்தார். சோதனை நடந்தது. கண்ணாயிரத்தின் சட்டை, ஹெல்மெட், ஸ்கூட்டர் சகிதம் கார்த்திகேசன் தெருக்கோடி வரை போய் வந்தார். ஒரு காக்கை கூட நகரவில்லை. கார்த்திகேசனின் காவி வேட்டியைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு கண்ணாயிரம் கேட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்தார். மூன்று காக்கைகள் இறங்கின. தெருவே கைகொட்டிச் சிரித்தது.

சிரிப்பு பரவாயில்லை. தொழில் படுத்துவிட்டது. ரெக்சின் பையோடு அவர் ஒரு வீட்டுக்குப் போனால், கூடவே வந்த காக்கைகள் அந்த வீட்டு மதிலில் உட்கார்ந்து கத்தின. சாவைப் பற்றிப் பேச வருகிறவர், கூடவே காக்கையையும் கூட்டிக்கொண்டு வந்தால் எந்த வீட்டில் உள்ளே விடுவார்கள்? "சனி புடிச்சவரு, கதவ சாத்து" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். ஒரு மாலைப் பத்திரிகை நிருபர் வந்து, ஹெல்மெட்டோடு அவரைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

கார்த்திகேசன்தான் தீர்ப்புச் சொன்னார். "இது சனி இல்ல ஏஜென்ட் சார். பித்ரு கோபம். அப்பாவுக்குத் திதி குடுக்குறீங்களா?"

கண்ணாயிரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வந்து... வேலை ஜாஸ்தி..."

"அதான பாத்தேன்! அப்பா காக்கா ரூபத்துல வந்து தட்டித் தட்டிக் கேக்குறாரு. வர ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டணம் கடற்கரையில தர்ப்பணம், வீட்டுல படையல். நாங்க எல்லாரும் கூட வரோம்."

அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மங்கலம் அழுதாள். "மாமா உயிரோட இருக்கும்போது எள்ளுந் தண்ணியும் எறைக்கிறதா? பாவம்ங்க. உண்மைய சொல்லிடுங்க."

"சொல்லிட்டு இந்தத் தெருவுல நடக்க முடியுமா? வாய் அப்பா பேரச் சொல்லட்டும், மனசுல தாத்தாவ நெனச்சிக்கிறேன். சாமிக்குத் தெரியாதா?"

ஆடி அமாவாசை அன்று நகர்க்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு கூடவே போனார்கள். தேவனாம்பட்டணம் கடற்கரையில் கூட்டம் நெரிந்தது. வரிசையாக உட்கார வைத்து ஒரே மூச்சில் மந்திரம் சொல்லிக்கொண்டு வந்த ஐயர், கண்ணாயிரத்திடம் வந்தபோது, "தகப்பனார் பேர்?" என்றார்.

"சபாபதி" என்றார் கண்ணாயிரம். குரல் நடுங்கியது. பின்னால் நின்ற கார்த்திகேசன் அந்த நடுக்கத்தைக் கேட்டுக் கண் கலங்கினார். கண்ணாயிரம் தாத்தாவை நினைக்கப் பார்த்தார். தாத்தாவின் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. காக்கிச் சட்டையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த அப்பாதான் வந்தார்.

மதியம் மொட்டைமாடியில் படையல். ஹாலில் இருந்த படத்தை மேலே கொண்டுவந்து நாற்காலியில் சாய்த்து, புது மாலை போட்டு, எதிரே தலைவாழை இலை விரித்து, சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் எல்லாம் வைத்தாயிற்று. சுற்றிலும் நகர்க்காரர்கள் நின்றார்கள். ஈர வேட்டியும் தலையில் ஹெல்மெட்டுமாகக் கண்ணாயிரம் ஒரு பிடி சோற்றை மதிலில் வைத்தார்.

"கா... கா..."

வராமல் என்ன? டிஷ் ஆன்டெனாவிலும் தண்ணித் தொட்டியிலும் கேபிள் ஒயரிலும் காக்கைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ஆனால் ஒன்றும் சோற்றைப் பார்க்கவில்லை. எல்லாம் அவரையே பார்த்தன. ஒன்று மட்டும் இறங்கி வந்து ஹெல்மெட்டில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே போனது.

"கோபம் இன்னும் தணியல" என்றார் கார்த்திகேசன் தழுதழுத்த குரலில். "மன்னிப்புக் கேட்டு வாய்விட்டுக் கூப்பிடுங்க சார். அப்பா வராம போவ மாட்டாரு."

கண்ணாயிரம் கையைக் கூப்பினார். ஊர் வீட்டுக் கூடங்களில் இத்தனை வருஷமாகப் பழகிய குரல் தானாக வந்தது. "அப்பா! நான் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்கப்பா. வாங்கப்பா. வந்து ஒரு வாய் சாப்புடுங்கப்பா!"

"வரேன்டா" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. "படி உயரமா கட்டிட்ட. மூச்சு வாங்குது."

முதலில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. பிறகு கட்டம்போட்ட சட்டை, கக்கத்தில் இடுக்கிய குடை. சபாபதி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மேலே வந்து நின்று, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு பெண் வீறிட்டுக் கத்தினாள். கார்த்திகேசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஆரோக்கியம்மாள் மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார், அழுகை இல்லை.

சபாபதி தன் படத்தின் முன் வந்து நின்று பார்த்தார். "இது என் லைசென்சுக்கு எடுத்த படம். நல்லாத்தான் பெருசு பண்ணியிருக்கீங்க." பிறகு மெல்ல உட்கார்ந்து இலையை இழுத்துக்கொண்டார். "கால் வலி. சிதம்பரம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன். சாம்பார ஊத்தும்மா மங்கலம்."

மங்கலம் அழுதுகொண்டே ஊற்றினாள்.

"எப்டிப்பா... எப்டித் தெரிஞ்சுது..." என்றார் கண்ணாயிரம். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடத் தோன்றவில்லை.

"பேப்பர்லதான் படிச்சேன். காக்கா கொத்துற மனிதர்னு உன் படம் போட்டு, இவருடைய தந்தை காலமாகி நாலு வருஷம் ஆவுதுன்னு எழுதியிருந்தான். இல்லத்துல எல்லாரும் எங்கிட்டயே வந்து துக்கம் விசாரிச்சாங்க. சரி, இன்னிக்கு ஆடி அமாவாசை, நம்ம படையல நாமளே போய்ச் சாப்புடலாம்னு வந்தேன்."

கார்த்திகேசன் எழுந்து நின்று வேட்டியைத் தட்டிக்கொண்டார். அவர் முகம் சிவந்திருந்தது. "ஏஜென்ட் சார், அப்பா செத்துட்டாருன்னு..."

"நான் எப்ப சார் செத்துட்டாருன்னு சொன்னேன்?" கண்ணாயிரம் பாய்ந்தார். "நீங்க இல்லையான்னு கேட்டீங்க. நான் இல்லன்னு சொன்னேன். அவ்ளோதான!"

சபாபதி வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்கான். பாலிசி எழுதுற வாயி. அடியில சின்ன எழுத்துல இருக்குறத நாமதான் படிக்காம விட்டுட்டோம்."

மீதி வடையை அவர் மதில் பக்கம் எறிந்தார். ஒரு காக்கை அதை அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு போனது. மற்றவை இறங்கி வந்து அவர் முழங்கால் ஓரத்திலேயே நின்று சோற்றைப் பொறுக்கின. அவர் மேல் அவற்றுக்கு என்ன வருத்தம்? நகர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராகப் படி இறங்கினார்கள். யாரும் சாப்பிட நிற்கவில்லை. ஆரோக்கியம்மாள் மட்டும் நின்று பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சபாபதி ஒரு வாரம் இருந்தார். பெரும்பாலும் ஆரோக்கியம்மாள் வீட்டு வாசலில்தான் இருந்தார். பிறகு குடையை எடுத்தார்.

"இங்கயே இருங்கப்பா" என்றார் கண்ணாயிரம். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"இல்லடா. அங்க என்னை எல்லாரும் உயிரோட இருக்குறவனாதான் நடத்துறாங்க."

ஆனந்த நகரில் அதற்குப் பிறகு ஒரு பாலிசியும் விழவில்லை. கண்ணாயிரம் நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று தூரமாகப் போய்த் தொழில் பார்த்தார். காக்கைகளும் ஐப்பசி வாக்கில் ஓய்ந்தன. குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்தால் அவற்றுக்கும் வேறு வேலை இருக்கும். கிழட்டுக் காக்கை ஒன்று மட்டும் மழையானாலும் வெயிலானாலும் தினம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனது. அதை அவர் ஒரு வரி மாதிரி கட்டப் பழகிக்கொண்டார்.

டிசம்பர் கடைசியில் 'தானே' என்று பேர் வைத்த புயல் அடித்தது. கடலூரில் நின்ற மரங்களை எண்ணிவிடலாம் என்ற நிலை. வாதாமரம் வேரோடு சாய்ந்து, வெள்ளைக் காரின் கூரையைக் காரின் சீட்டு வரைக்கும் இறக்கிவிட்டிருந்தது. விடிந்ததும் கண்ணாயிரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கார்த்திகேசன் அந்த வழியாக வந்தார். ஐந்து மாதமாகப் பேசாதவர்.

"இல்லத்துக்குப் போன் போட்டீங்களா?"

"டவர் இல்ல."

"டவர் இல்லன்னா?" என்றார் கார்த்திகேசன். அங்கேயே நின்றார். ஆரோக்கியம்மாளும் வந்து நின்றார். கண்ணாயிரம் ஸ்கூட்டரை எடுத்தார்.

ரோடு என்று ஒன்று இல்லை. விழுந்த புளியமரங்களின் கிளைகளுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டும், வயலில் இறங்கிச் சுற்றிக்கொண்டும் போனார். வழி நெடுகச் செத்த கொக்குகளும் காக்கைகளும் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. ஆலப்பாக்கத்துக்கு அப்பால் எதிரே வந்த ஒருவர், "அந்த இல்லத்துக் கூரை பூரா போயிடுச்சிப்பா" என்றார். கண்ணாயிரம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். போனால் என்ன சொல்வார்கள், திரும்பி வந்து தெருவில் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். இருபது வருஷமாக ஊரான் வீட்டில் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவந்த அந்தச் சாவுச் சொல், அன்று தொண்டைக்கு மேலே ஏறவில்லை. ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்து, யாரும் பார்க்காத இடத்தில் அழுதார். அவர் அழுது, அதனால் யாரும் எதிலும் கையெழுத்துப் போடாதது அதுதான் முதல் தடவை.

இல்லத்தின் கூரை போனது உண்மைதான். சபாபதி திறந்த வானத்தின் கீழ், கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்து, நனைந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். "ஏன்டா இவ்ளோ நேரம்?" என்றார், ஏதோ வரச்சொல்லிவிட்டுக் காத்திருந்தவர் போல.

இந்த முறை மகன் கூப்பிடவும் இல்லை, அப்பா மறுக்கவும் இல்லை. டிரங்குப் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்தார்கள், சபாபதி பின்னால் ஏறினார், வழியெல்லாம் ஓட்டுகிற விதத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

கீழ் அறையில் இருந்த ஆபீஸ் மாடிக்குப் போனது. வயசான கிளையண்டுகள் படி ஏற மாட்டோம் என்று வேறு ஏஜென்டைப் பார்த்துக்கொண்டார்கள். கரண்டு வர மூன்று வாரம் ஆனது. வந்த அன்று சபாபதி அறையிலேயே டிவியை வைக்கச் சொன்னார். காது மந்தம். காலைப் பக்திப் பாட்டிலிருந்து ராத்திரிச் செய்தி வரைக்கும் தெருமுனை வரை கேட்கும். நடுவில் பீடிப் புகை வேறு. கண்ணாயிரமும் மங்கலமும் சைகையில் பேசப் பழகிக்கொண்டார்கள். சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்லும் துணிச்சல் அந்த வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை.